மலையேற டிக்கெட் இருக்கிறதா? எந்தத் தடத்துக்கு?

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒரு வனச் சோதனைச் சாவடி. விடிந்தும் விடியாத நேரத்தில் ஆறு இளைஞர்கள் இரவு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஒருவருடைய முதுகுப் பையில் விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. காவலர் டிக்கெட் கேட்டார். அவர்கள் கைப்பேசியில் காட்டியதோ, யாரோ ஓர் ஏற்பாட்டாளருக்குப் பணம் அனுப்பிய ரசீது. 'பர்மிஷன் எல்லாம் சேர்த்துத்தான்' என்று அவர் சொல்லியிருந்தாராம். "வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள்" என்றார் காவலர். பத்து மணிக்கு அலுவலகம் திறந்தது. "இங்கே தருவதில்லை, இணையதளத்தில் போடுங்கள்" என்றார்கள். அன்றைய பதிவு முடிந்திருந்தது. ஏற்பாட்டாளரின் எண் அணைந்திருந்தது. 'டிக்கெட் இணையதளத்தில் மட்டும்' என்ற ஒரு வரியைச் சாவடியில் பலகையாக எழுதி வைத்திருந்தால் அவர்களுக்கு நான்கு மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

பின்னணி சுருக்கமாக: 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் பிடித்த காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதன்பின் மலையேற்ற விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் வந்தது. 14 மாவட்டங்களில் 40 தடங்கள், இணையதளத்தில் பதிவு, கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி.

டிக்கெட் தடத்துக்குத்தான், மலைக்கு அல்ல. குரங்கணியில் ஒரு தடத்துக்குப் பதிவு செய்தவர் வேறு பக்கம் திரும்பினால் அனுமதி இல்லாதவர்தான். தடத்தைவிட்டு விலகிய இடம் காப்புக்காடு என்றால் அத்துமீறல் வழக்கே வரலாம். 'ஊர்க்காரர்தான் கூட்டிப்போனார்' என்ற பதில் அங்கே எடுபடாது. சரணாலயமென்றால் வனவிலங்குச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

பெயரில் கவனம். ஆதாரில் இனிஷியல் பின்னால், பதிவில் முன்னால், இன்னொரு அட்டையில் அப்பா பெயர் முழுசாக. நமக்கு இது சாதாரணம், மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு இரண்டு ஆட்கள். எந்த அட்டையை எடுத்துப்போகிறீர்களோ அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பதிவு செய்யுங்கள்.

பிப்ரவரி நடுவில் தடங்களை மூடினால் வழக்கமாக ஏப்ரல் நடுவில்தான் திறக்கிறார்கள். அது காட்டுத்தீக் காலம். மார்ச்சில் வரும் நீண்ட வார இறுதியைப் பார்த்து ரயில் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டுப் புலம்புபவர்கள் வருடாவருடம் இருக்கிறார்கள். தடத்தை உறுதி செய்துவிட்டு ரயிலைப் பாருங்கள்.

பலரும் தடுக்கி விழுவது இ-பாஸில், அதாவது வெளியூர் வண்டி மலையேற இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டில். கொடைக்கானல் வட்டக்கானல்–வெள்ளகவித் தடத்துக்குப் பணம் கட்டிவிட்டாலும், காரில் மலையேற இ-பாஸ் தனியாக வேண்டும். 2024 மே முதல் ஊட்டிக்கும் இதே கதைதான். தடத்துக்கு அனுமதி தருவது ஒரு துறை, வண்டியை நிறுத்திக் கேட்பது வேறு துறை. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதில்லை, ஓடுவது நாம்தான். அரசு பஸ்ஸில் போனால் இ-பாஸ் தொல்லை கிடையாது. எனக்கு அதுதான் பிடித்த வழி.

இனி பை. கடைக்காரர் காட்டும் கூடாரமும் சின்ன அடுப்பும் வேண்டாம். இவை பெரும்பாலும் ஒருநாள் நடை, காட்டில் நெருப்புக்கு இடமில்லை. லைட்டர் இருந்தால் சாவடியிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். நீலகிரியில் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கே தடை. இரண்டு லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் பாட்டில் வாங்குங்கள். சட்டையும் காலுறையும் பருத்தியில் வேண்டாம், நனைந்தால் காயாது. மழைக்காலச் சோலையில் ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி காலுறைக்குள் நுழையும், முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறை அதற்குத்தான். புது ஷூவை மலையில் பழக்காதீர்கள். இரண்டு வாரம் தெருவில் நடந்து பழக்குங்கள், இல்லையென்றால் இறக்கத்தில் பெருவிரல் நகம் கறுத்துப்போகும்.

ஏற்பாட்டாளர் மூலம்தான் போவீர்கள் என்றால், உங்கள் பெயரும் தடத்தின் பெயரும் தேதியும் உள்ள பதிவுச் சீட்டைப் பார்த்த பிறகே பணம் அனுப்புங்கள். ஏமாந்துவிட்டால் அன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். கிளம்புமுன் சீட்டைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள், அடிவாரத்தில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.