ஃப்ளைவெயிட் ஆளு ஒரே ராத்திரில எப்பிடி நாலு கிலோ ஏறுறான்?

தண்டையார்பேட்டைல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு: "அண்ணா, டிவில ஃப்ளைவெயிட், ஐம்பது கிலோ சொச்சம்னு போடுறான், ஆனா மறுநாள் ரிங்ல ஏறுறப்ப பாத்தா ஆளு நல்லா கும்முனு இருக்கான், இது ஏமாத்து வேலையா?" ஏமாத்துலாம் இல்ல தம்பி, ரூல்ஸ்படிதான் நடக்குது, எல்லாம் தண்ணி பண்ற வேல.

ஃப்ளைவெயிட்டுன்னா புரொஃபஷனல் பாக்ஸிங்ல 112 பவுண்டுக்குள்ள, அதாவது 50.8 கிலோ. 108க்குள்ள இருந்தா லைட் ஃப்ளைவெயிட், 115 வரைக்கும் சூப்பர் ஃப்ளைவெயிட், 118 வரைக்கும் பேண்டம்வெயிட். அமெச்சூர்ல கிலோ கணக்கு, அது அப்பப்ப மாறும், மேரி கோம் 2012 லண்டன்ல வெண்கலம் வாங்குனது 51 கிலோல, நிகத் ஸரீன் 2022ல உலக சாம்பியன் ஆனது 52ல, ரெண்டையுமே ஃப்ளைவெயிட்னுதான் சொன்னாங்க. லண்டன்ல பொண்ணுங்களுக்கு இருந்ததே மூணு பிரிவு, 51, 60, 75, அதனாலதான் 48ல ஆடுற மேரி கோம் மேல ஏறி தன்னவிட பெரிய ஆளுங்களோட மோத வேண்டியதாச்சு.

இதுல சூட்சுமம் எடை எப்ப பாக்குறாங்கன்றதுலதான் இருக்கு. புரொஃபஷனல்ல பெரும்பாலும் முந்தின நாள், அமெச்சூர்ல சண்ட அன்னிக்கு காத்தால. மெஷின் மேல நிக்குற அந்த ஒரு நிமிஷத்துக்கு 50.8 காட்டுனா போதும், அப்புறம் குடிச்சு சாப்ட்டு ஏறிக்கலாம்.

ராயபுரம், வியாசர்பாடி பக்கம் ஏதாச்சும் ஜிம்முக்கு போட்டி சமயத்துல காத்தால போய் பாருங்க, வேர்வைல ஊறுன ஸ்வெட்டர், அதுக்கு மேல ரெயின்கோட்டு, இடுப்ப சுத்தி பாலித்தீன் கவரு, இந்த கோலத்துல ஒரு பையன் ஸ்கிப்பிங் போட்டுனு இருப்பான், வாய்ல தண்ணி ஊத்தி கொப்பளிச்சு துப்புவான், முழுங்க மாட்டான், அவன் நிக்குற எடத்துல சிமெண்ட் தரைல சின்னதா ஒரு குட்டையே தேங்கியிருக்கும்.

எடை எங்கெங்க இருந்து போகுதுன்னா, மொதல்ல கிளைகோஜன். சோத்துல இருந்து வர சர்க்கரைய ஒடம்பு தசைலயும் கல்லீரல்லயும் சேத்து வெக்குது, ஊறுன ஜவ்வரிசி மாதிரி கிராமுக்கு மூணு கிராம் தண்ணியையும் சேத்து புடிச்சு வெக்கும், அரை கிலோ கிளைகோஜன் போச்சுன்னா கூடவே ஒன்றரை லிட்டர் தண்ணியும் போயிடும். ரெண்டாவது உப்பு. ஆஸ்பத்திரி சலைன் பாட்டில்ல லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்குல்ல, நம்ம ரத்தமும் ஏறக்குறைய அந்த கணக்குலதான் ஓடுது, அதனால சோத்துல உப்ப கொறச்சா கிட்னி அதுக்கேத்த தண்ணிய வெளிய தள்ளிடும். இது ரெண்டும் நாள் கணக்குல மெதுவா நடக்குற விஷயம். கடைசி நேரத்துல கைகொடுக்குறது வேர்வைதான், எனக்கு இதுலயே ரொம்ப புடிச்ச சமாச்சாரமும் அதான்.

வேர்வ ஊத்துறதால ஒடம்பு குளிராது, அது ஆவியானாத்தான் குளிரும். ஒரு லிட்டர் வேர்வ தோல் மேல முழுசா ஆவியாச்சுன்னா சுமார் 2,400 கிலோஜூல் சூட்ட எடுத்துட்டு போயிடும். 50 கிலோ ஒடம்ப ஒரு டிகிரி ஏத்த 175 கிலோஜூல் போதும், அப்ப வகுத்து பாருங்க, பதிமூணு டிகிரிக்கு மேல வருது! அந்த ஒரு லிட்டர் ஆவியாகாம கீழ சொட்டிடுச்சுன்னா? எடை மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஒரு கிலோ கொறஞ்சிடுச்சுன்னு காட்டும், ஆனா சூடு முழுக்க உள்ளயே நிக்கும். தசை எரிக்குற சக்தில முக்கால்வாசி வேலையாவே மாறாம சூடாத்தான் மாறுது, ஸ்கிப்பிங் போட போட சூடு ஏறிக்கினே போகும், மேல வேற பாலித்தீன், அதுக்குள்ள இருக்குற காத்து மொத்தமும் ஈரம், எப்பிடி ஆவியாகும் சொல்லுங்க.

நம்ம பக்கம் பாலித்தீன் கூட தேவையில்ல. காசிமேட்டு கடல்காத்துல சும்மா நின்னாலே முதுகு நனையும், காத்துல ஏற்கனவே அவ்ளோ ஈரம். மேரி கோம் 2018ல போலந்துல, எடை பாக்க நாலு மணி நேரம் இருக்கறப்ப ஒரு மணி நேரம் விடாம ஸ்கிப்பிங் போட்டு ரெண்டு கிலோ எறக்குனதா அவங்களே சொன்னாங்க, அது அந்த ஊரு, அனுபவசாலி வேற, இங்க மே மாசத்துல ஒரு பதினாறு வயசு பையன் அதையே பண்ணா கத வேற.

1997 கடைசில அமெரிக்காவுல காலேஜ் மல்யுத்த பசங்க மூணு பேரு இப்பிடி எடை எறக்கப்போய் ரெண்டே மாசத்துக்குள்ள செத்துட்டாங்க. ரத்தத்துல தண்ணி கம்மியாச்சுன்னா இதயம் வேகமா அடிச்சுத்தான் சமாளிக்கணும், தோலுக்கு போற ரத்தமும் கொறயும், சூட்ட வெளிய தள்ற வழியும் அடைஞ்சிடும். அதுக்கப்புறந்தான் அங்க காலேஜ் போட்டிகள்ல ரப்பர் சூட், நீராவி ரூம் எல்லாத்தையும் தட பண்ணாங்க. நம்ம வினேஷ் போகாட் 2024 பாரிஸ்ல ஃபைனல் அன்னிக்கு வெறும் 100 கிராம் கூட இருந்ததுக்கு போட்டியவே இழந்தாங்க, ராத்திரி பூரா வேர்வ எடுத்தும் முடியல.

ஆனா நம்ம ஜிம்முங்கள்ல இன்னும் "நடுவுல தண்ணி குடிச்சா ஸ்டாமினா போயிடும்"னு ஒரு நம்பிக்க ஓடுது. கயிறுல எலுமிச்சம்பழம் கட்டி தொங்கவுடுங்க, அதால யாருக்கும் கெடுதல் இல்ல, தண்ணி விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க. மெடல் வாங்குனா கோடி கோடியா குடுக்குறாங்க, அதுல ஒரு துளி துட்ட எடுத்து இந்த ஊரு வெக்கைல பசங்களுக்கு மணிக்கு எவ்ளோ வேர்வ போகுது, ஒடம்பு சூடு எங்க போய் நிக்குதுன்னு அளந்து பாக்க குடுத்தா இன்னா?

தம்பி கேட்டதுக்கு வரேன். மெஷின விட்டு எறங்கின ஆளு அன்னிக்கு பூரா உப்பு சர்க்கர கலந்த தண்ணி, சோறுன்னு உள்ள தள்ளுறான், குடிச்ச தண்ணி ரத்தத்துக்கும் தசைக்கும் போய் சேருது, கிளைகோஜனும் மறுபடி தண்ணியோட சேந்து நெறயுது, மறுநாளுக்குள்ள நாலு கிலோ ஏறிடும். ஊசி வழியா வேகமா ஏத்திக்கலாம்னா அது நடக்காது, ஆஸ்பத்திரி சிகிச்சையா இல்லாம 12 மணி நேரத்துல 100 மில்லிக்கு மேல டிரிப்ஸ் ஏத்துனா ஊக்கமருந்து விதிப்படி குத்தம். காத்தால எடை, சாயங்காலம் சண்டன்ற அமெச்சூர் பசங்களுக்கு அந்த நேரமும் கெடயாது, போன தண்ணி பாதி கூட திரும்பாம ரிங்ல ஏறி நிப்பாங்க, அவங்களுக்கு அடுத்த பிரிவுல ஆடுறதுதான் லாபம்.