பாதி மூடிய வாயால் மூச்சு வாங்கும் எஞ்சின்

மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவில் உள்ள பாடசாலைக்கு நாள்தோறும் போய்வரும் ஆசிரியை ஒருவர், பழைய கார் ஒன்று வாங்க இருப்பதாகவும், 800 சிசி எஞ்சின் கொண்ட சுசுக்கி அல்ரோ, 1500 சிசி செடான், பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டரும் உள்ள ஹைபிரிட் காரான ரொயோட்டா அக்குவா ஆகியவற்றுள் எது சிக்கனம் என்றும் கேட்டிருந்தார். ஏ34 வீதியில் ஒரு பக்கம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர், வாரத்துக்கு 500. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கு வாங்கும் முறை வந்தபோது காருக்கு முதலில் வாரம் 20 லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. அதற்குள் அவருடைய ஓட்டம் அடங்க வேண்டுமென்றால், லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும் கார் தேவைப்பட்டிருக்கும்.

வன்னி வீதிகளில் ஏற்றமும் இறக்கமும் பெரிதாக இல்லை. ஆகவே ரயரின் உருளல் எதிர்ப்பும் காற்றின் எதிர்ப்புமே எஞ்சினுக்குரிய சுமை. 1000 கிலோ எடையுள்ள சிறிய கார் மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் சீராக ஓடுவதற்குச் சக்கரத்தில் ஏறத்தாழ 5 கிலோவாற்று வலு போதும். அதாவது 7 குதிரை வலு. 100 சிசி மோட்டார் சைக்கிள் தருவது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவதால், அதே கார் 90 இல் ஓடினால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக வேலை செய்ய வேண்டியிருக்கும். அதனால் ஒரு பக்கப் பயணத்தில் மிச்சமாவது பத்து நிமிடம்.

5 கிலோவாற்றுப் போதுமென்றால், 80 கிலோவாற்றுக் கொடுக்கவல்ல 1500 சிசி எஞ்சின் அதே 5 கிலோவாற்றுக்கு ஏன் அதிகம் குடிக்க வேண்டும்? எனக்கு என்றும் அலுக்காத கேள்வி இது.

பெற்றோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் குறித்த விகிதத்தில் கலக்க வேண்டும். குறைந்த வலு போதுமென்றால் பெற்றோலை மட்டும் குறைக்க முடியாது. காற்றையும் குறைத்தாக வேண்டும். அதற்காகக் காற்று வரும் குழாயில் திரொட்டில் என்ற வட்டத் தகடு இருக்கிறது. அக்சலேற்றரை மெல்ல அழுத்தும்போது அந்தத் தகடு பெரும்பாலும் மூடியே இருக்கும். பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றை இழுக்க, வழி அடைபட்டிருப்பதால் உள்ளே அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் பாதியளவுக்கு வீழ்ந்துவிடுகிறது. பிஸ்டனின் அடிப்பக்கத்திலோ முழு வளிமண்டல அமுக்கம் அதை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு ஓடும் மனிதரின் நெஞ்சு படும் பாடு இதுதான்: ஓடுவதற்கு ஒரு களைப்பு, மூச்சு இழுப்பதற்கு இன்னொரு களைப்பு.

இதைக் கணக்கிடப் பள்ளிக்கூடப் பௌதிகம் போதும். 1500 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுற்றும்போது இரண்டு சுற்றுக்கு ஒரு தடவையே காற்றை இழுக்கும் அதன் பிஸ்டன்கள், நிமிடத்துக்கு மொத்தம் 1500 லீற்றர் கனவளவைத் திறந்துவிடுகின்றன. அரை வளிமண்டல அமுக்க வேறுபாட்டை அதனால் பெருக்கினால் 1.25 கிலோவாற்று வருகிறது. காரை ஓட்டத் தேவையான வலுவில் கால்வாசிக்குச் சமமான அளவு, மூச்சு இழுப்பதிலேயே வீணாகிறது! 800 சிசி எஞ்சினோ அதே 5 கிலோவாற்றைக் கொடுக்கத் தகட்டை அகலத் திறந்தாக வேண்டும். உள்ளே வெற்றிடம் குறைகிறது, இழப்பும் குறைகிறது.

அந்த வெற்றிடத்தைக் காலாலேயே உணரலாம். ஹைபிரிட் அல்லாத பெற்றோல் காரில், எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிரேக்கை நான்கைந்து தடவை மிதியுங்கள். மிதி கல்லாக இறுகும். காலை எடுக்காமலே எஞ்சினை இயக்குங்கள். மிதி காலுக்குக் கீழே மெல்ல இறங்கும். எஞ்சின் உறிஞ்சி உண்டாக்கிய வெற்றிடம் பிரேக்குக்குக் கைகொடுக்கும் கணம் அது. இறங்காவிட்டால் அந்தக் காரில் பழுது இருக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அக்குவா போன்ற ஹைபிரிட் கார்கள் இந்த இழப்பை வேறு வழியில் குறைக்கின்றன. பிரேக் பிடிக்கும்போது பற்றரி சார்ஜ் ஆகும் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நீண்ட நேர் வீதியில் மாடு குறுக்கே வந்தாலன்றி அதனால் பெரிய பயனில்லை. அவற்றில் காற்றை உள்ளே விடும் வால்வு தாமதமாக மூடுவதே முக்கியம். பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்னும் வால்வு திறந்திருப்பதால், உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறது. எனவே தகட்டை மூடாமலே காற்றைக் குறைக்கலாம்; எரிந்த வாயுவும், அமுக்கப்பட்ட தூரத்தைவிட நீண்ட தூரம் விரிந்து வேலை செய்துவிட்டே வெளியேறுகிறது. குறைவாக அமுக்கிக் கூடுதலாக விரியவிடும் இந்த எண்ணம் 1880களில் பிரித்தானியப் பொறியியலாளர் ஜேம்ஸ் அட்கின்சனுக்குத் தோன்றியது.

பெற்றோல் கணக்கில் மட்டும் பார்த்தால் அக்குவாவே முந்தும். ஆனால் அதன் விலையையும் பற்றரி மாற்றும் செலவையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஆசிரியைக்கு நான் நல்ல நிலையில் உள்ள 800 சிசி காரையே சொல்வேன். இலக்கத் தகட்டின் கூட்டுத்தொகை ராசியாக வரவேண்டும் என்பதற்காகப் படித்தவர்களும் மேலதிகப் பணம் கொடுப்பது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது. அந்தப் பணத்தில் புதிய ரயர்கள் போடலாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் நமக்கென்று ஒரு பொறியியற் பீடம் இருக்கிறது. நமது வெயிலிலும் நமது வீதியிலும் எந்தக் கார் எவ்வளவு குடிக்கிறது என்று அளந்து வெளியிட அங்குள்ள மாணவர்களுக்கு நிதி கொடுத்தால், அது இந்த மண்ணுக்கு நேரடியாகப் பயன்படும் ஆய்வாக இருக்கும்.

எந்தக் காரானாலும், வாங்குவதற்கு முன் அதே வீதியில் உள்ள ஒட்டுசுட்டான்வரை ஓட்டிச் சென்று, இறங்கியவுடன் நான்கு சக்கரங்களுக்கும் அருகே உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். முன் சக்கரங்கள் இரண்டும் ஒரேயளவு சுட வேண்டும். பின் சக்கரங்களும் அப்படியே. ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அதில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு கிலோமீற்றரிலும் பெற்றோல் அங்கே சூடாகிப் போகிறது. ஹைபிரிட் என்றால் பின் இருக்கையின் அடியில் உள்ள காற்றுத்துளைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். பற்றரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகவே செல்கிறது. விரலில் கிரவல் வீதியின் செம்புழுதி தடிப்பாக ஒட்டினால், பற்றரி நெடுநாள் வெந்திருக்கக்கூடும்.