சிரமதானம்: சொல்லும் அதற்கு ஈடான தமிழும்

யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களின் சுவரில் ஒட்டப்படும் அறிவித்தல் பெரும்பாலும் இரண்டு வரிதான்: ‘ஞாயிறு காலை 7 மணிக்குச் சிரமதானம். மண்வெட்டி, கத்தி, கடகம் உள்ளவர்கள் கொண்டுவரவும்.’ இலங்கைத் தமிழர் எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவர் படித்தால், சிரமத்தை எப்படித் தானம் செய்வது என்று சற்றே திகைக்கக்கூடும். தோண்டிப் போட்ட சாலைகளில் ‘சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்ற பலகையைப் பார்த்துப் பழகியவர் அவர்.

ஊரவர் கூலி பெறாமல், தாமே விரும்பி ஒன்றுகூடி, தம் ஊரின் பொதுத்தேவைக்காக உடலால் உழைப்பதே சிரமதானம். மழைக்கு முன் வாய்க்கால் வெட்டுவது, மயானத்தில் பற்றை அழிப்பது, பார்த்தீனியம் பிடுங்குவது, டெங்குக் காலத்தில் பள்ளிக்கூட வளவைத் துப்புரவாக்குவது என எல்லாம் இதில் அடங்கும். சனசமூக நிலையமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ நாளைக் குறிக்கும். பத்து மணியளவில் தேநீரும் வடையும் வரும்.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. ‘ஸ்ரம்’ என்ற வேருக்கு உழைத்தல், உழைத்துக் களைத்தல் என்ற இரு பொருளும் உண்டு. துறவுப் பயிற்சியில் உடலை வருத்தியவர் ‘ஸ்ரமணர்’ எனப்பட்டார். பாகதம் என்னும் பிராகிருத மொழியில் ‘சமண’ என்று மெலிந்த அந்தச் சொல்லே தமிழில் சமணர் ஆயிற்று. ஆசிரமம் என்பதும் இவ்வேரின் கிளைதான். வழக்குத் தமிழில் உழைப்பு என்ற பொருள் தேய்ந்து களைப்பும் தொல்லையும் மட்டும் எஞ்சியதால், சிரமம் இன்று ‘கஷ்டம்’ என்பதன் மறுபெயராக நிற்கிறது. சிங்களத்தில் ‘ஸ்ரமய’ இன்னும் உழைப்பையே குறிப்பதால் அங்கே ‘ஸ்ரமதானய’ என்பதில் எவருக்கும் குழப்பமில்லை. தமிழருக்கு வந்து சேர்ந்தது சிங்கள வழக்கின் பொருள். எழுத்துருவோ நமக்கு ஏற்கெனவே வேறு பொருளில் பழகிப்போனது.

வினோபா பாவே 1951-இல் தொடங்கிய பூதான இயக்கத்தின் சூழலில், நிலத்தைத் தருவது பூதானம், உழைப்பைத் தருவது சிரமதானம் என்ற இணை இந்தியாவில் வழங்கியது. இலங்கையில் அதை வேரூன்றச் செய்தவர் ஏ. ரி. ஆரியரத்ன. கொழும்பு நாலந்தா கல்லூரியில் ஆசிரியராக இருந்த அவர், 1958 டிசம்பரில், சாதியால் ஒதுக்கப்பட்டிருந்த கனத்தொலுவ என்னும் கிராமத்துக்கு மாணவர்களை அழைத்துச்சென்று அம்மக்களோடு சேர்ந்து உழைக்கவைத்தார். அதிலிருந்து வளர்ந்ததே சர்வோதய சிரமதான இயக்கம். 1969-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

இங்கே ‘தானம்’ என்ற பாதியைக் கவனிக்க வேண்டும். கூலியில்லா ஊர் உழைப்பு இப்பகுதிக்குப் புதிதன்று. ஆனால் பழைய வடிவங்கள் பல கட்டாயத்தின்பாற்பட்டவை. சோழர் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்பது ஊதியமின்றிச் செய்தாகவேண்டிய வேலை; இன்றைய ‘வெட்டிவேலை’யில் அதன் கசப்பு இன்னும் இருக்கிறது. வைகை உடைப்பை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டதால்தானே, ஆளில்லாத வந்திக்காகச் சிவபெருமான் பிட்டுக்கு மண் சுமந்து பிரம்படி பட்டார்! அரசனுக்காகக் குடிகள் உழைத்தாகவேண்டிய இலங்கையின் இராசகாரிய முறையும் கட்டாயமே. பிரித்தானிய அரசு அனுப்பிய கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரையையடுத்து 1830-களில் அது ஒழிந்தது. இவற்றிலிருந்து சிரமதானத்தைப் பிரிப்பது விருப்பம் ஒன்றே. வராதவரிடம் தண்டம் வாங்கினால் அது சிரமதானமாகாது.

செய்தித்தாள்கள் எழுதும் ‘சிரமதானப் பணி முன்னெடுக்கப்பட்டது’ என்ற தொடரில் உழைப்பு இருமுறை வருகிறது. ‘சிரமதானம் நடந்தது’ என்பதே போதும்.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘பணிக்கொடை’ என்பது சொல்லுக்குச் சொல் பொருந்தும்; ஆயினும் ஓய்வுபெறுபவர் பெறும் தொகைக்கு அப்பெயர் நிலைத்துவிட்டதால் பயன்படுத்த இயலாது. ‘துப்புரவுப் பணி’ குறுகியது, கூலிக்குச் செய்வதையும் அதுவே குறிக்கும். உணர்வால் மிக நெருங்கியது அப்பர் கையிலேந்திய, புல் செதுக்கும் கருவியான உழவாரத்தின் பெயரால் வழங்கும் ‘உழவாரப்பணி’. ஆனால் அது கோயிலுக்கே உரியது, பள்ளிக்கூடத்து வடிகானை அப்படிச் சொன்னால் ஒட்டாது. ஆகவே கட்டுரையிலும் அகராதியிலும் ‘உழைப்புக்கொடை’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். சர்வோதய இயக்கத்தின் பெயரில் உள்ள ‘சிரமதான’ என்பதை மாற்றக்கூடாது. சுவரில் ஒட்டும் தாளில், படிப்பவர் சிறுவராயினும் முதியவராயினும் உடனே விளங்க, ‘ஞாயிறு காலை 7 மணிக்கு ஊருக்கு உழைப்புக்கொடை’ என்று எழுதி, பழகும் வரை பக்கத்தில் சிரமதானம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.