மாதம் 56 மணி நேரம்: வேலை பார்ப்பதைத் தாளில் காட்டுவது எப்படி?

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கில் ஒரு பெண், வாரத்தில் ஐந்து நாள் விடிகாலை ஆறு மணிக்கு ஒரு சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரிக்கப் போகிறார். திரும்பப் பத்தரை ஆகிவிடும். மாதக் கடைசியில் சம்பளம் பழுப்பு உறையில் ரொக்கமாக வரும். இரண்டு வயது மகளைப் பாலர் பள்ளியில் சேர்த்தபோது பள்ளி தந்த தாளில், கட்டணத்துக்கான அரசாங்க மானியம் 150 வெள்ளி என்று இருந்தது. தாய் வேலையில் இல்லை என்று பதிவாகியிருக்கிறதாம். வெங்காய வாடை போகாத கையால் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார்.

சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளைக்கு முழுநாள் பராமரிப்பில் அடிப்படை மானியம், தாய் வேலை பார்த்தால் மாதம் 300 வெள்ளி வரை, பார்க்காவிட்டால் 150. பதினெட்டு மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்கு அந்த 300 என்பது 600 ஆகிறது. தாய் வேலை பார்த்து, குடும்பத்தின் மொத்த மாத வருமானம் 12,000 வெள்ளிக்குள் இருந்தால் இதற்குமேல் கூடுதல் மானியமும் உண்டு. வருமானம் குறையக் குறைய அது ஏறி, 467 வெள்ளி வரை போகும். கைக்குழந்தைக்கு 710 வரை. தகப்பன் தனியாக வளர்க்கும் வீட்டில் தகப்பனின் வேலையைப் பார்ப்பார்கள். திட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். தாய்மார்கள் அலைக்கழிவதெல்லாம் ‘வேலை’ என்ற அந்த ஒரு சொல்லால்தான்.

மாதம் குறைந்தது 56 மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும். எங்கள் புளோக்குப் பெண் 90 மணி நேரத்தைத் தொடுகிறார். ஆனால் ஊழியருக்காக மாதாமாதம் பணம் கட்டும் மத்திய சேமநிதியில் (CPF) அவர் பெயரில் ஒரு காசும் விழவில்லை. சேமநிதியில் பணம் விழுந்தால் உங்கள் வேலை அரசாங்கத்தின் கண்ணில் படும். விழாவிட்டால், காகிதம் காட்டும்வரை நீங்கள் வீட்டில் இருப்பவர்தான்.

“பகுதிநேர வேலைக்குச் சேமநிதி கிடையாது” என்று முதலாளி சொன்னால் நம்பாதீர்கள். குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ள ஊழியரின் மாதச் சம்பளம் 50 வெள்ளியைத் தாண்டினாலே முதலாளி தன் பங்கைக் கட்டியாக வேண்டும். உங்கள் பங்கைப் பிடிப்பது சம்பளம் 500 வெள்ளிக்கு மேல் போனால்தான். அதற்குள் வாங்குபவரிடம் “பிடித்தம் இல்லாமல் முழுசாகத் தருகிறேன்” என்பது சலுகையே இல்லை. முதலாளி தன் பங்கை மிச்சம் பிடிக்கிறார்.

இன்னொன்றும் கேளுங்கள். வேலை நியமனச் சட்டத்துக்கு உட்பட்ட ஊழியருக்கு, பகுதிநேரமானாலும், விவரமான சம்பளச் சீட்டும் எழுத்தில் வேலை நிபந்தனைகளும் தர வேண்டும் என்பது 2016 ஏப்ரல் 1 முதல் சட்டம். நிபந்தனைத் தாளை வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் தந்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், வாரத்துக்கு எத்தனை நாள் என்பது அதில்தான் இருக்கும். 56 மணி நேரத்தைக் காட்ட அதைவிட வலுவான தாள் எனக்குத் தெரிந்து இல்லை. அதைக் கேட்டு வாங்கியவர்களை நான் அதிகம் பார்த்ததும் இல்லை.

முதலாளியிடம் கடிதம் வாங்குவதென்றால் ஒரே தடவையில் சரியாக வாங்குங்கள். “இவர் எங்களிடம் பகுதிநேரமாகப் பணிபுரிகிறார்” என்ற ஒற்றை வரிக் கடிதங்கள் திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். மணி நேரம் இல்லை என்று ஒரு தடவை, சேர்ந்த தேதி இல்லை என்று மறு தடவை. இரண்டையும் முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன? அதற்குள் முதலாளி ஊருக்குப் போய்விடுவார். பள்ளிக் கட்டணம் மட்டும் காத்திருக்காது. நிறுவனத்தின் பெயரும் பதிவு எண்ணும், சேர்ந்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், பிடித்தத்துக்கு முந்தைய மாதச் சம்பளம், கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, தொலைபேசி எண், முத்திரை இவ்வளவும் இருக்கட்டும். நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கையெழுத்து மட்டும் வாங்குவது இன்னும் நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து திருமணமாகி வந்து, நீண்டகால வருகை அனுமதியில் இருக்கும் தாய்மார்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வெளிநாட்டவருக்குச் சேமநிதி இல்லை என்பதால், எவ்வளவு உழைத்தாலும் உங்கள் வேலை அந்தப் பதிவில் தெரியாது. மனிதவள அமைச்சின் வேலை ஒப்புதல் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கியில் சம்பளம் ஏறிய பக்கம் மூன்றையும் கேட்பதற்கு முன்பே வைத்துவிடுங்கள்.

வீட்டில் சமைத்து விற்பவர்கள், தையல்காரர்கள் சுயதொழில் செய்பவர்கள். வருமான வரிக் கணக்கீட்டு அறிக்கைதான் இவர்களுக்குச் சான்று. “வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையே” என்று கணக்கே காட்டாமல் இருந்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். வரி வராவிட்டாலும் கணக்கைக் காட்டுங்கள்.

குடும்ப வருமானம் 6,000 வெள்ளிக்குள் இருந்து பிள்ளைக்கு 3 முதல் 6 வயது என்றால், 2024 டிசம்பர் முதல் தாய் வேலை பார்க்காவிட்டாலும் முழு மானியம் உண்டு. இது தெரியாமல் இன்னும் கடிதத்துக்கு அலைகிறார்கள். வேலை தேடும் தாய்க்கும், இரண்டு வயதுக்குட்பட்ட அடுத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாய்க்கும் சிறப்பு ஒப்புதலின் கீழ் தற்காலிகமாகக் கூடுதல் மானியம் கிடைக்கலாம். நீங்களாகக் கேளுங்கள்.

உறவினர் கடையில் வேலை பார்ப்பதாகப் பொய்க் கடிதம் மட்டும் வாங்காதீர்கள். பிடிபட்டால் மானியத்தைத் திருப்பிக் கட்டுவதோடு நிற்காது.

அந்தப் பெண்ணின் முதலாளி மூன்று வாரம் இழுத்தடித்துத்தான் நிபந்தனைத் தாளைத் தந்தார். “யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது?” என்றும் கேட்டாராம். தாளைப் பள்ளியில் கொடுப்பதற்கு முன் கைத்தொலைபேசியில் படம் எடுக்கச் சொன்னேன். வாங்கிக்கொண்டவரின் பெயரையும் தேதியையும் அந்தப் பழுப்பு உறையின் பின்புறம் எழுதி வைத்திருக்கிறார்.