ஒரே டேபிளில் மூன்று புரோகிராம் எழுதினால்

மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றில், பில்லிங் கவுண்டரில் இருந்த பெண் ஒரு வாடிக்கையாளரின் மொபைல் எண்ணை மூன்று முறை திருத்தினார். திருத்திய அன்று சரியாக இருக்கும். மறுநாள் காலை பார்த்தால் பழைய எண்ணே மறுபடி வந்திருக்கும். டெலிவரி எஸ்எம்எஸ் எல்லாம் வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. "சார், நான் சேவ் பண்ணினேன், சத்தியமா பண்ணினேன்" என்றார் அவர். அவர் மீது எந்தத் தவறும் இல்லை.

அங்கே பில்லிங், ஸ்டாக், கணக்கு என மூன்று புரோகிராம்களுக்கும் டேட்டாபேஸில் வாடிக்கையாளர் டேபிள் ஒன்றுதான்; ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு வரி. கணக்குப் புரோகிராம் காலையில் எல்லா விவரத்தையும் படித்து வைத்துக்கொள்ளும். இரவு பாக்கித் தொகையைப் பதியும்போது, பாக்கியை மட்டும் எழுதாமல் முழு வரியையும் திருப்பி எழுதிவிடும். பகலில் செய்த திருத்தம் அதோடு அழிந்துபோகும். எர்ரர் வராது, புரோகிராம் குறித்துவைக்கும் லாகிலும் ஒன்றும் இருக்காது. புரோகிராமர்கள் டேட்டாபேஸில் எழுதப் பயன்படுத்தும் ஹைபர்னேட், ஜாங்கோ போன்ற கருவிகளில் நாமாக மாற்றிச் சொல்லாவிட்டால் அப்டேட் இப்படித்தான், பெயர், மொபைல், பாக்கி என எல்லா ஃபீல்டையும் சேர்த்தே போகும். அதனால் இந்தச் சிக்கல் நீங்கள் நினைப்பதைவிட உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கலாம்.

உடனடி மருந்து இரண்டு. மாறிய ஃபீல்டை மட்டும் எழுதுங்கள். அப்புறம், டேபிளில் வெர்ஷன் எண் ஒன்று வையுங்கள். படிக்கும்போது 7 என்று இருந்தால், "வெர்ஷன் இன்னும் 7ஆக இருந்தால் மட்டும் மாற்று, மாற்றியதும் 8 ஆக்கு" என்று அப்டேட் போக வேண்டும். ஒரு வரிகூட மாறவில்லை என்று பதில் வந்தால், இடையில் வேறு யாரோ தொட்டிருக்கிறார்கள். மறுபடி படித்துவிட்டு எழுத வேண்டும். எல்லாப் புரோகிராமும் இதைக் கடைப்பிடித்தால்தான் பலன்.

ஆனால் நான் வற்புறுத்துவது வேறு. பொது டேபிளின் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரே ஒரு புரோகிராம்தான் சொந்தக்காரராக இருக்க வேண்டும். பெயர், மொபைல், முகவரி பில்லிங்குக்கு; பாக்கி கணக்குக்கு. இதை வாய்வார்த்தையாக விடாதீர்கள். ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி டேட்டாபேஸ் யூசர் கொடுங்கள். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்ற இரண்டு டேட்டாபேஸ் மென்பொருள்களிலும் குறிப்பிட்ட ஃபீல்டுக்கு மட்டும் அப்டேட் அனுமதி தர முடியும். நான் பார்த்த பல இடங்களில் எல்லாப் புரோகிராமும் ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்டில்தான் ஓடுகின்றன. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

படிப்பவர்களுக்கு டேபிளை நேராகக் காட்டாமல் வியூ வழியாக, அதாவது டேபிள் போலவே தெரியும், சேமித்துவைத்த ஒரு கேள்வி (query) வழியாகக் கொடுங்கள். நாளைக்கு முகவரியைத் தனி டேபிளாகப் பிரித்தாலும், வியூவை மாற்றி எழுதினால் ஸ்டாக் புரோகிராமுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. 1970இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் தரவை டேபிள்களாகப் பார்க்கும் தன் ரிலேஷனல் மாடல் கட்டுரையைத் தொடங்கியதே இந்தக் கவலையோடுதான்: தரவு உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது பயன்படுத்துபவரைப் பாதிக்கக் கூடாது.

தமிழில் பெயர் பதிவு செய்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் ஒரு புரோகிராமின் கனெக்‌ஷன் மட்டும் தமிழ் எழுத்துகளே இல்லாத லத்தீன்1 என்ற எழுத்துத் தொகுப்பில் இருந்தால், அதற்குத் தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாகத்தான் வந்து சேரும். அதை அப்படியே திருப்பி எழுதினால் பெயர் போனது போனதுதான். பேக்கப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அந்த நிறுவனத்தில் தனி யூசர்கள் கொடுத்து, பழைய பொது யூசரை ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுத்தினோம். திங்கள் காலை ஒன்பதரைக்கு குடோனிலிருந்து போன்: "எக்செல் ஷீட் ஓபன் ஆகலை சார்." அந்த டேபிளை நான்காவதாக ஒன்றும் தொட்டுக்கொண்டிருந்தது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.