பனி கொட்டும் ஊருக்குப் புறப்படும் சீனி வருத்தக்காரர் கவனத்துக்கு

மார்கழி நெருங்கும்போது என் சிகிச்சை நிலையத்துக்கு வருபவர்களில் ஒரு பகுதியினருக்குப் புதிதாக நோய் எதுவும் இருப்பதில்லை. சுவிசில் உள்ள மகன் கூப்பிட்டிருக்கிறான், விசா வந்துவிட்டது, மூன்று மாதக் குளிசையை ஒன்றாக எழுதித் தாருங்கள் என்பதே அவர்களின் கோரிக்கை. இவர்களுள் சிலரது பிள்ளைகள் பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பேர்போன மலையூர்களின் ஹோட்டல் சமையலறைகளில் வேலை செய்கிறார்கள். பனி எவ்வளவு அதிகமாக விழுகிறதோ அவ்வளவுக்கு விருந்தினர் கூட்டமும் கூடும் என்பதால், அம்மாவும் அப்பாவும் வந்து நிற்கும் அதே வாரங்களில் மகனுக்கு லீவு கிடைக்காது. சீனி வருத்தத்தோடு (நீரிழிவோடு) பகல் முழுவதும் வீட்டில் தனியே இருக்கப்போகும் இந்த முதியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பனி மிகுந்த ஆண்டு எப்படியிருக்கும் என்பதற்கு 2018 ஜனவரி நல்ல சான்று. அம்மாதம் சுவிஸின் செர்மாட் ஊருக்குச் செல்லும் வீதியும் ரயில் பாதையும் பனியால் மூடுண்டதில் ஏறத்தாழ 13,000 சுற்றுலாப் பயணிகள் உள்ளேயே சிக்கிக்கொண்டார்கள். அவசரத்துக்கு ஹெலிகொப்டர் மட்டுமே போய்வந்தது. இப்படியான ஒரு நாளில் இன்சுலின் தீர்ந்துபோனால், அல்லது மருந்துப் பை வேறொரு நகரிலுள்ள மகள் வீட்டில் கிடந்தால் நிலைமை சிக்கலாகிவிடும். ஆகவே பயண நாட்களுக்கு மேலாக இரண்டு வார மருந்தைக் கூடுதலாக வைத்திருங்கள். எங்கு போனாலும் அதையும் கொண்டு செல்லுங்கள். மருந்துகளின் வணிகப் பெயரோடு மூலப் பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் எழுதிய கடிதமொன்றை உங்கள் வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். நமது ஊர்க் கடைகளில் விற்கும் வணிகப் பெயர்களில் பல அங்குள்ள மருந்தாளருக்குப் பழக்கமில்லாதவை.

இன்சுலின் உறைந்துவிட்டால் அதன் பலன் போய்விடும். உருகியபின் தெளிவாகத் தெரிந்தாலும் அதை எறிந்துவிட வேண்டியதுதான். விமானத்தில் அதைக் கையிற் கொண்டு செல்லும் பையில் வையுங்கள். அங்குள்ள நம்மவர் வீடுகளில் கறிச்சட்டியைப் பனிக்காலத்தில் பல்கனியில் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியாகப் பாவிக்கும் வழக்கம் உண்டு. கறிக்கு அது பொருந்தலாம், இன்சுலினுக்குப் பொருந்தாது. வெளியே போகும்போது ஊசிப் பேனாவை மேற்சட்டையின் வெளிப்பையில் வைக்காமல், உடம்போடு ஒட்டிய உட்பையில் வையுங்கள். சீனி பார்க்கும் கருவிகளிற் பல, 10 பாகை செல்சியசுக்குக் கீழே சரியாக இயங்கா. ஆதலால் வீட்டுக்குள் வந்து கருவியும் விரலும் சூடான பின்னரே சோதியுங்கள்.

எனக்குப் பெரிய கவலை கால்களைப் பற்றியது. நீண்டகாலச் சீனி வருத்தத்தில் பாதத்தின் உணர்வு நரம்புகள் மெல்ல மெல்லச் செயலிழப்பதால், விரல் விறைத்து வெளிறும்போது மற்றவருக்கு எழும் வலி இவர்களுக்கு எழாது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்க, ஏற்கெனவே குறைந்திருக்கும் இரத்தோட்டம் மேலும் குறைகிறது. பூச்சியத்துக்குக் கீழே பல பாகை இறங்கிய குளிரில், நனைந்த காலுறையுடன் பேருந்துக்குக் காத்து நிற்கும் அரை மணி நேரமே ஒரு பெருவிரலுக்குப் போதுமான கேடு. பயணத்துக்கு முன் வந்தால், மெல்லிய நைலோன் இழையால் உள்ளங்காலின் சில இடங்களைத் தொட்டுப் பார்த்து உணர்வு எவ்வளவு எஞ்சியுள்ளது என்று சில நிமிடங்களில் சொல்லிவிடலாம். இழை தொடுவது தெரியவில்லை என்றால், பனியில் நடக்கும் நேரத்தைக் காலின் உணர்வைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

சப்பாத்தை மாலை வேளையில், கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு அளவு பார்த்து வாங்குங்கள். இரண்டு மூன்று காலுறைகளைத் திணித்து இறுக்கினால் குளிர் குறையாது, இரத்தோட்டந்தான் குறையும். ஆண்டு முழுவதும் செருப்போடு திரியும் நம் கால்களுக்குப் புதுச் சப்பாத்து கொப்புளம் போடும் என்பதால், புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே அதை வீட்டுக்குள் போட்டு நடந்து பழகுங்கள்.

குளிரால் வரும் கேட்டைவிடச் சூட்டால் வரும் கேட்டையே நான் கூடுதலாகக் கண்டிருக்கிறேன். அந்நாட்டு வீடுகளில் யன்னலுக்குக் கீழே சுவரோடு சூடாக்கி பொருத்தியிருப்பார்கள். வெளியிலிருந்து வந்த முதியவர் கதிரையை இழுத்துப் போட்டுப் பாதத்தை அதன்மேல் வைத்துவிட்டுத் தொலைக்காட்சி பார்ப்பார், சுடுவது தெரியாது. படுக்கும்போது காலுறையைக் கழற்றினால் குதிக்காலில் நீர்கோத்த பெரிய கொப்புளம். விறைத்த காலைத் தேய்க்கவும் வேண்டாம், தணலில் காட்டவும் வேண்டாம். 37 முதல் 39 பாகை வரையான இளஞ்சூட்டு நீரில் வைக்க வேண்டும். அந்தச் சூட்டை நோயாளியின் கால் அல்லாமல் வேறொருவரின் முழங்கை பார்க்க வேண்டும். மறுபடி குளிருக்குள் போகவேண்டி வருமானால் அதற்கு முன் உருக்காதீர்கள்; உருகிய தசை இரண்டாம் முறை உறைந்தால் சேதம் இன்னும் கூடும்.

அடுத்தது பனியை அள்ளி எறியப் பாவிக்கும், மண்வெட்டி போன்ற தட்டு. மகன் வேலைக்குப் போனபின் வாசலில் குவிந்திருக்கும் பனியைக் கண்டதும், தோட்டம் கொத்திப் பழகிய ஐயாமாருக்குக் கை சும்மா இருக்காது. புதுப்பனி ஒரு கன மீற்றர் 100 கிலோவுக்கும் குறைவாக இருக்கலாம். நனைந்து இறுகியபின் அதுவே 400 கிலோவைத் தாண்டும். கையால் தூக்கி எறிதல், மூச்சை அடக்குதல், குளிர்காற்று ஆகிய மூன்றும் சேர இரத்த அழுத்தம் திடீரென ஏறும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையான பதிவுகளை ஆராய்ந்தபோது, 20 சென்ரிமீற்றர் பனி விழுந்த மறுநாள் ஆண்கள் மாரடைப்புடன் அனுமதிக்கப்படும் வாய்ப்பு 16 சதவீதமும், மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு 34 சதவீதமும் கூடியிருந்தன. அறுபது கடந்தவர், பிறசர் உள்ளவர், நெஞ்சில் ஸ்ரென்ட் (இதய இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்தவர் அதைத் தொடவே வேண்டாம். வாசல் மூடியே கிடக்கட்டும்.

உயரத்தைப் பற்றிப் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள். செர்மாட் ஏறத்தாழ 1,600 மீற்றர், சென் மொரிட்ஸ் 1,800 மீற்றர்; நமது நுவரெலியாவே 1,868 மீற்றர். யோசிக்க வேண்டியது ஒருநாள் உலாவைப் பற்றித்தான். சுவிஸின் யுங்ஃப்ராவ்யோக் மலை ரயில் நிலையம் 3,454 மீற்றரில் உள்ளது. அங்கு மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்களவே. சில அடி நடந்தாலே மூச்சு இளைப்பவர்கள் அந்த ரயிலில் ஏறமுன் தம் இதய வைத்தியரைக் கேட்க வேண்டும்.

வெயில் எறிக்கும் நாளில் புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். இரவில் மணல் விழுந்ததுபோல் கண் உறுத்தும். கறுப்புக் கண்ணாடி அவசியம். பனியில் கார் நின்றுவிட்டால், புகைபோக்கிக் குழாய் மூடுண்டிருக்கிறதா என்று பார்க்காமல் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே இருக்காதீர்கள். புகையோடு உள்ளே வரும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை. பனிச்சரிவு அபாயத்தை சுவிஸின் டாவோஸ் நகரிலுள்ள பனி ஆய்வு நிலையம் ஐந்து படிகளில் அறிவிக்கிறது. 1999 பெப்ரவரியில் ஒஸ்திரியாவின் கல்ட்டூர் என்ற மலையூரில் பனிச்சரிவில் 31 பேர் இறந்தது ஊருக்குள்ளேயே என்பதால், மூடிய நடைபாதைக் கயிற்றைத் தாண்டாதீர்கள்.

நெஞ்சு இறுகினால் ‘வாய்வு’ என்று இஞ்சித்தண்ணீர் குடித்துவிட்டு மகன் வரும்வரை காத்திருப்பது நம்மவர் வழக்கம். அங்கு அம்புலன்சுக்குச் செலவு அதிகம் என்று கேள்விப்பட்டிருப்பதால், பிள்ளைக்குப் பாரமாகக் கூடாதென்று வலியை மறைப்பவர்களும் உண்டு. சுவிசில் அம்புலன்ஸ் இலக்கம் 144. அதைத் தொலைபேசியருகே பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள். சுவிஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான செங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்புறுதி கட்டாயம். ஆனால் முன்பே இருந்த சீனி, பிறசர், இதய நோய் ஆகியவற்றை விலக்கும் காப்புறுதிகள் பல. உங்கள் நோய்களை மறைக்காமல் சொல்லி, அவற்றுக்குக் காப்பு உண்டா என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.