"டாக்டர், எல்லாம் நார்மல்தானே?"

காலைல ஓபில உக்காந்தா இந்த ஒரு வார்த்தைய எத்தன தடவ கேக்குறேன்னு கணக்கே கெடையாது. பிபி நார்மலா, சுகர் நார்மலா, ஈசிஜி நார்மலா, பொண்ணுக்கு நார்மல் டெலிவரியா, இப்படியே போகும். வார்த்தை ஒண்ணுதான், ஆனா ஒவ்வொரு எடத்துலயும் அர்த்தம் வேற, அத நாங்க வெளக்கி சொல்லாம விட்டதாலயே நெறய பேர் மாத்திரைய நிறுத்திட்டு வந்து நிக்கிறாங்க.

போன மாசம் ஒரு அண்ணன் வந்தாரு, லோடு வண்டி ஓட்டுறவரு, தலை சுத்துதுன்னாரு. பிபி பாத்தா 190/110. மாத்திரை போடுறீங்களான்னு கேட்டதும் சட்டைப் பையிலருந்து நாலா மடிச்ச பழைய சீட்ட எடுத்து நீட்டுனாரு, மடிப்பெல்லாம் கிழிஞ்சு போயிருக்கு, அதுல நாலு மாசத்துக்கு முன்னாடி எழுதுன 126/80. "நார்மல் ஆயிருச்சுன்னு சொன்னாங்க டாக்டர், அதான் நிறுத்திட்டேன்." அவர் மேல என்ன தப்பு சொல்றது? காய்ச்சல் எறங்கிட்டா மாத்திரைய நிறுத்துறோம்ல, அதே கணக்குதான் அவருக்கும். ஆனா அந்த 126, மாத்திரை பிடிச்சு வச்சிருந்த 126. பிபி மாத்திரை ரத்தக் குழாய தளர்த்தி விடறதெல்லாம் அது உடம்புல இருக்கற வரைக்கும்தான், நிறுத்தினா பிரஷர் மறுபடி ஏறும், ஏறும்போது பெரும்பாலும் வலியும் இருக்காது ஒண்ணும் தெரியாது, அதுதான் பயமே. எடை கொறஞ்சு உப்பு கொறச்சு டோஸ் கொறையற ஆளுங்களும் இருக்காங்க, ஆனா அத டாக்டர் பாத்து பாத்து படிப்படியா கொறைக்கணும்.

சுகர்லயும் இதே கததான். மூணு மாச சராசரி காட்டுற எச்பிஏ1சி டெஸ்ட், சுகர் இல்லாதவங்களுக்கு 5.7க்கு கீழ இருந்தா நார்மல். ஏற்கனவே சுகர் இருக்கறவங்களுக்கு பொதுவா 7க்கு கீழ இருந்தா போதும்னு பாக்குறோம். அப்ப 6.8 வந்தா சந்தோஷத்துல "நார்மல்மா"னு நாங்களே சொல்லிடறோம். அது கன்ட்ரோல்ல இருக்கு, சுகர் போயிடல.

அப்புறம் இந்த நார்மல் சலைன். "அசதியா இருக்கு, நார்மல் சலைன்தானே, ஒரு பாட்டில் ஏத்தி விடுங்க"ம்பாங்க. பேர்லதான் நார்மல் இருக்கு, ஒரு லிட்டர்ல 9 கிராம் உப்பு இருக்கு, ஹார்ட் வீக்கா இருக்கறவங்களுக்கும் கிட்னி கெட்டவங்களுக்கும் தேவையில்லாம ஏத்தினா கால் வீங்கி மூச்சு வாங்க ஆரம்பிச்சிடும்.

நெஞ்சு வலிக்கு எடுத்த மொத ஈசிஜி நார்மல்னா உடனே வீட்டுக்குக் கெளம்பிடாதீங்க. ஹார்ட் அட்டாக் ஆரம்பத்துல ஈசிஜி நல்லாவே இருக்கலாம், அதுக்குத்தான் கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப எடுக்கறது, ஹார்ட் தசை அடிபட்டிருக்கான்னு காட்டுற ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை பாக்கறது எல்லாம். மறுபடி எதுக்கு, பில்லு ஏத்தறீங்களான்னு சொந்தக்காரங்க சண்டை போடறது எங்களுக்குப் பழகிருச்சு, ஆனா தயவுசெஞ்சு அந்த ரெண்டாவது ஈசிஜி எடுக்கற வரைக்கும் இருங்க.

இப்பல்லாம் நான் சீட்டுல வெறும் நம்பர் எழுதறதில்ல, "மாத்திரையோட 126/80"னு தமிழ்லயே எழுதறேன். அந்த அண்ணன் ரெண்டு வாரம் கழிச்சு வந்தப்ப கூட வந்த அவர் சம்சாரம் சீட்ட வாங்கி எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு, "அப்ப மாத்திரை இருக்கறதாலதான் இது, இல்லையா டாக்டர்?"னு கேட்டாங்க. ஆமாம்மான்னேன்.